மூன்று நாளைத் தின்ற டெஸ்ட் அக்கவுண்ட்

தெற்கு மாசி வீதிப் பக்கம் சுங்குடிப் புடவைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவருக்கு ஆன்லைன் கடை செய்து கொடுக்கிறேன். வாடிக்கையாளரிடம் இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவைக்குப் பேமெண்ட் கேட்வே என்று பெயர். உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு இன்னொன்று. உள்நாட்டுக் கேட்வே அரை மணி நேர வேலை. நிஜப் பணம் நகராமல் சோதித்துப் பார்க்க அவர்கள் தரும் ரகசியக் குறியீடான டெஸ்ட் கீயைப் போட்டு, 4111 1111 1111 1111 என்ற வழக்கமான டெஸ்ட் கார்டு எண்ணை அடித்தேன், முடிந்தது. ஒரே சறுக்கல், தொகையைப் பைசாவில் அனுப்ப வேண்டும் என்பதை மறந்து 1250 என்றே அனுப்பிவிட்டேன். 1,250 ரூபாய்ப் புடவை பன்னிரண்டரை ரூபாய்க்கு விற்றுப் போனது. யாரும் பார்ப்பதற்குள் 125000 ஆக்கிவிட்டேன்.

வெளிநாட்டுக் கேட்வேயில்தான் சிக்கினேன். அங்கே வெறும் கீ போதாது. விற்பவர் பெயரில் ஒன்று, வாங்குபவர் பெயரில் ஒன்று எனச் சோதனைக்கென்றே இரண்டு பொய்க் கணக்குகள் வேண்டும். இரண்டுக்கும் நாடு இந்தியா என்று கொடுத்தேன். மதுரையில் உட்கார்ந்துகொண்டு வேறு என்ன கொடுப்பது?

முதல் நாள், பணம் கட்டும் பொத்தானை அமுக்கினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மாலையில்தான் உறைத்தது. அதே பிரவுசரில் விற்பவராக லாகின் செய்து வைத்திருந்தேன், என் கடையில் நானே வாங்கப் பார்த்திருக்கிறேன். வாங்குபவருக்கு எப்போதும், பழைய லாகின் ஒட்டாத இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள்.

அதைச் சரிசெய்த பிறகும் 'ஏதோ தவறாகிவிட்டது' என்று மட்டும் வந்தது. என்ன தவறு என்று சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்? உதவிக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது, நான் ஏற்கெனவே நான்கு முறை படித்த அதே பக்கத்தின் சுட்டியோடு.

இதற்கு நடுவே அண்ணனிடம், "இன்னைக்குக் காட்டிடுறேண்ணே" என்று வாய்விட்டிருந்தேன். வெயிலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், அவர் முன்னால் உள்நாட்டுப் பக்கத்தையாவது ஓட்டிக் காட்டினேன். 'பணம் செலுத்தப்பட்டது' என்று பச்சையாக வந்தது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெசேஜ் வரலையே தம்பி?"

"டெஸ்ட்டுண்ணே, நிஜப் பணம் இல்ல."

"பணம் வராததுக்கா இவ்வளவு நாளு?"

மூன்றாம் நாள் இரவுதான் விஷயம் பிடிபட்டது. அந்த கேட்வே இந்தியருக்கு இந்தியர் பணம் அனுப்ப விடுவதில்லை. வெளிநாட்டிலிருந்து இங்கே வரலாம். சோதனைக் களத்திலும் அதே சட்டம். என் இரண்டு பொய் ஆட்களும் இந்தியர்கள், அப்புறம் எப்படி நடக்கும்? ஏற்கெனவே திறந்த கணக்கில் நாட்டை மாற்றவும் முடியாது. புதிதாக ஓர் அமெரிக்க வாடிக்கையாளரைப் பிறப்பித்து, நாணயத்தை டாலராக்கினேன். முதல் அமுக்கலிலேயே போனது. நள்ளிரவில் கத்தியதில் அம்மா எழுந்து வந்துவிட்டார்.

இன்னொன்று, ரசீது மெயில் வரவில்லை என்று உங்கள் இன்பாக்ஸைத் துழாவாதீர்கள். டெஸ்ட் கணக்கின் மெயில் வெளியே போகாது, கேட்வே தளத்தில் இருக்கும் நம் நிர்வாகப் பக்கமான டாஷ்போர்டுக்குள்ளேயே கிடக்கும். எனக்கு அதில் ஒரு மணி நேரம் போனது.

அடுத்தது நிஜப் பணம் வாங்குவதற்கான லைவ் கீ. அதற்கு அண்ணனின் பான் கார்டு வேண்டும். "பீரோவுல எங்கேயோ இருக்கும், தேடுறேன்" என்று திங்கட்கிழமையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.