என்னை யாருக்கும் தெரியாது, சார்

கடந்த வாரம் சென்னை அமைந்தகரை நிறுத்தத்தில் பேருந்துக்காகக் காத்திருந்தபோது என் பழைய மாணவன் ஒருவனைச் சந்தித்தேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு புத்தகப் பையில் பட்டாக்கத்தியுடன் பிடிபட்டவன். ஏன் அதைக் கையில் எடுத்தாய் என்று அன்று கேட்கத் தவறிய கேள்வியை இப்போதுதான் கேட்டேன்.

"வீட்லயும் கிளாஸ்லயும் என்னை யாருக்கும் தெரியாது, சார். பஸ்ல ஏறினா ரூட்டு தலன்னு வழி விடுவாங்க."

ஒரு பேருந்துத் தடத்தில் செல்லும் கல்லூரி மாணவர் கூட்டத்தின் தலைவனே ரூட்டு தல. நீங்கள் மோதிய எதிர்க் கல்லூரி மாணவர்கள் உனக்கு என்ன தீங்கு செய்தார்கள் என்றதற்கு அவனிடம் பதில் இல்லை.

பகைக்குக் காரணம் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவர்களை, கிளேயின் ஓவியத்தை விரும்புவோர், காண்டின்ஸ்கியின் ஓவியத்தை விரும்புவோர் என்று சொல்லி, உண்மையில் குலுக்கல் போல இரு குழுக்களாகப் பிரித்தார். தம் குழுவுக்குக் கிடைக்கும் தொகை குறைந்தாலும் எதிர்க் குழுவைவிட அது கூடுதலாக இருக்கவேண்டும் என்றே அவர்களில் பலர் பங்கிட்டார்கள். 1970இல் வெளியான இந்த ஆய்வை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். எதிரே அமர்ந்திருந்தவனோடு அதைப் பொருத்திப் பார்த்ததில்லை.

பேருந்தில் மாணவர்கள் மோதிக்கொள்வதும் குண்டுவெடிப்பும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆரி க்ரூக்லான்ஸ்கி என்ற உளவியலாளர் தீவிரவாதத்துக்குச் சொல்லும் கூறுகள் மூன்று: தான் ஒரு பொருட்டாக மதிக்கப்படவேண்டும் என்ற தேவை, வன்முறையே அதற்கு வழி என்று நியாயம் கற்பிக்கும் கதை, அதை மெச்சும் கூட்டம். அவனிடம் தேவையும் கூட்டமும் இருந்தன. சாதியின் பெயராலோ மதத்தின் பெயராலோ ஒரு கதையையும் யாரேனும் அவன் கையில் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. இத்தகையோரைப் புத்தி பேதலித்தவர்கள் என்று ஒதுக்குவது நமக்கு எளிது. பயங்கரவாதிகளிடம் பொதுவாகத் தென்படுவது அவர்களின் இயல்பான மனநிலையே என்று பயங்கரவாதத்தை ஆராய்ந்த மார்த்தா கிரென்ஷா 1981இலேயே எழுதிவிட்டார்.

இலங்கையில் 2009க்குப் பின் தடுத்துவைக்கப்பட்டிருந்த முன்னாள் போராளிகளிடையே க்ரூக்லான்ஸ்கி குழுவினர் ஆய்வு நடத்தினர். தொழிற்பயிற்சி, கல்வி போன்றவற்றை முழுமையாகப் பெற்றவர்களிடம் தீவிர நிலைப்பாடு தணிந்ததாகக் கண்டனர். காவலில் இருப்பவர் தரும் பதிலை எவ்வளவு நம்பலாம் என்ற தயக்கம் எனக்கு உண்டு. எனினும் என் மாணவனைக் கல்லூரியிலிருந்து நீக்கும் தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன். அவனுக்கு வேறெந்த மதிப்பைத் தரலாம் என்று அந்தக் கூட்டத்தில் எங்களில் ஒருவரும் பேசவில்லை.

பேருந்து வந்ததும் அவசரமாக ஓர் அட்டையை என்னிடம் நீட்டினான். "ஏசி ரிப்பேர்னா கூப்பிடுங்க, சார்." கடைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அவன் பெயர் அச்சிடப்பட்டிருந்தது.