விடிய நாலு மணிக்கு மச்

மார்ச் மாதம் ஒருநாள் விடிய நாலு மணிக்கு எங்கள் வீட்டுக் குசினியில் லைற் எரியும். யாழ்ப்பாணத்தில் அப்போது ஒன்பதரை; வடக்கின் பெருஞ்சமர் என்கிற, பரியோவான் கல்லூரிக்கும் மத்திய கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெற் மச் தொடங்கும் நேரம். லண்டன் குளிரில் தேத்தண்ணிக் கோப்பையில் போனைச் சாய்த்து வைத்து முதல் ஓவரைப் பார்ப்பேன். மனுசிக்கு இது பழகிப்போயிற்று.

1904இல் தொடங்கிய ஆட்டம். எங்கள் பரியோவான் கல்லூரியோ 1823இல் ஜோசப் நைற் பாதிரியார் நல்லூரில் தொடக்கிய பள்ளிக்கூடம். இப்போதிருக்கும் சுண்டிக்குளிக்கு அது பிறகுதான் இடம் மாறி வந்தது. நாங்கள் சென்றல் என்கிற மத்திய கல்லூரி 1816. அந்த ஏழு வருட மூப்பைச் சொல்லிக்காட்டாத சென்றல்காரர் எவரையும் நான் இன்னும் காணவில்லை.

மச் அவர்களுடைய மைதானத்தில்தான். சிவப்புக் கறுப்புக் கொடிகளோடு சைக்கிளில் ஊர்வலமாகப் போவோம். சுண்டிக்குளி மகளிர் கல்லூரி வாசல் வந்ததும் சத்தம் இரண்டு மடங்காகும். வழியெல்லாம் தொப்பியை நீட்டிக் காசு சேர்ப்போம். அது எங்கே போனதென்று மாஸ்டர்மார் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை. 1981இல் மைதானத்துக்குப் பக்கத்திலுள்ள யாழ்ப்பாண நூலகம் எரிந்தபிறகு, அந்தப் பக்கம் போகும்போது மட்டும் கூச்சல் தானாக அடங்கும். போர்க்காலத்தில் சில வருடங்கள் மச்சே நடக்கவில்லை.

இங்கே லண்டனில் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இராப்போசனத்தில் முதலில் கல்லூரிக் கீதம். அடுத்தது, அந்த வருடம் காலமானவர்களின் பெயர் வாசிப்பு. முன்பெல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். இப்போது செயலாளர் நடுவில் தண்ணீர் குடிக்கிறார். பொதுக்கூட்டத்தில் சங்கத்தின் யாப்பை, அதாவது விதிகளை, திருத்தவேண்டுமென்று வருடாவருடம் எழும்புகிற அண்ணர் ஒருவர் இருக்கிறார். யாப்பு அப்படியேதான் இருக்கிறது.

நான் போன முதல் இராப்போசனத்தில் பக்கத்துக் கதிரையில் நீல ரை கட்டிய ஒருவர். விருந்தினராக வந்த சென்றல்காரர். "தம்பி எந்த வருசம்?" என்று தொடங்கினார்.  நான் தொண்டை கிழியக் கத்திய அதே மச்சில், எதிர்ப்பக்கமிருந்து கத்திய மனிதர் இவர். அன்றைய ஒவ்வொரு விக்கெற்றும் அவருக்குப் பாடம். சாப்பாடு ஆறியது தெரியாமல் சண்டை பிடித்தோம்.

இப்போதும் மச் நாளின் விடியப்புறத்தில் என் போன் அடிக்கும். "தம்பி, எழும்பியாச்சோ?" என்பார், ஏதோ சுகம் விசாரிப்பதுபோல. எங்கள் விக்கெற் விழுந்தால் மட்டுந்தான் அந்த விசாரிப்பு.