வயசானவங்கள பத்தின எக்கனாமிக்ஸ் கட்டுரை படிக்கிறப்ப எங்க தடுக்குது

மக்கள்தொகைல வயசானவங்க கூடிக்கிட்டே போறத பத்தி இங்கிலீஷ்ல நிறைய பொருளாதாரக் கட்டுரை வருது. பெரிய வார்த்தைக்கு டிக்‌ஷனரி பார்த்துக்கலாம், தெரிஞ்ச மாதிரி இருக்கிற வார்த்தைலதான் பலரும் வழுக்குறாங்க.

ஓல்ட் ஏஜ் டிபெண்டென்சி ரேஷியோ 50ன்னு போட்டிருந்தா, 100 பேர் சம்பாதிச்சு 50 பேருக்கு சோறு போடுறாங்கன்னுதான் யாருக்கும் தோணும். ஆனா அந்தக் கணக்குல யார் வேலைக்குப் போறாங்கன்னு பார்க்கிறதே கிடையாது. 15லேர்ந்து 64 வயசு வரைக்கும் இருக்கிற 100 பேருக்கு, 65ம் அதுக்கு மேலயும் எத்தனை பேர், அவ்வளவுதான். காலேஜ் படிக்கிற பொண்ணு, வேலை தேடி அலையுற பையன் எல்லாரும் தாங்குறவங்க பக்கம், 67 வயசுல தினமும் கடை திறக்கிறவர் பாரம். ஜப்பான்ல 65 தாண்டினவங்கள்ல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் இன்னும் வேலை பார்க்கிறாங்க, அவங்களும் இந்தக் கணக்குல டிபெண்டென்ட்தான். இதே நம்பர திருப்பிப் போட்டு "ஒரு ரிட்டயர் ஆனவருக்கு ரெண்டே ரெண்டு ஒர்க்கர்"னு தலைப்பு வைக்கிறாங்க பாருங்க, அங்க வயசுக் கணக்கு சத்தமே இல்லாம வேலைக் கணக்கா மாறிடுது, எனக்கு உண்மையிலேயே கோவம் வர்ற இடம் இது. பேரப்பிள்ளைய வளர்த்து மகள வேலைக்கு அனுப்புற பாட்டியையும் சேர்த்துதான் பாரம்னு எழுதுறாங்க. இன்னொண்ணு, சில அறிக்கைல 15க்கு பதிலா 20 வயசுலேர்ந்து எண்ணுவாங்க, அதனால ரெண்டு கட்டுரை நம்பர ஒப்பிடுறதுக்கு முன்னாடி அடிக்குறிப்ப பார்த்துடுங்க.

டிக்ளைன்னு வந்தா எது குறையுதுன்னு பாருங்க. இந்தியால 2019-21 குடும்ப நல சர்வே படி ஒரு பெண்ணுக்கு சராசரியா 2.0 குழந்தைதான், ஆனாலும் பிள்ளை பெத்துக்கிற வயசுல இருக்கிறவங்க நிறைய பேர் இருக்கிறதால ஜனத்தொகை கூடிக்கிட்டேதான் இருக்கு, வளர்ற வேகம்தான் குறையுது. சீனால 2022லேர்ந்து தலை எண்ணிக்கையே குறையுது. ரெண்டுக்கும் அதே டிக்ளைன்தான்.

அப்புறம் 'ஆப்சென்ட் ரிஃபார்ம்ஸ்'னு ஆரம்பிக்கிற வாக்கியம். இங்க ஆப்சென்ட்னா சீர்திருத்தம் எதுவும் செய்யாம விட்டாங்கன்னா, அப்படின்னு அர்த்தம். அத கவனிக்காம தாண்டிட்டு, பின்னாடி வர்ற 'வுட்'ட 'வில்'லுன்னு படிச்சிட்டா, இப்படியே விட்டா கடன் இவ்வளவு ஆகும்ங்கிற எச்சரிக்கை கண்டிப்பா நடக்கப்போற ஜோசியமா ஆயிடுது.

அமெரிக்காவோட அரசாங்க பென்ஷன் திட்டமான சோஷியல் செக்யூரிட்டி விஷயத்துல இப்படித் தப்பா படிக்கிறது ரொம்ப மோசம். ஓய்வூதிய டிரஸ்ட் ஃபண்ட் 2033ல டிப்ளீட் ஆகும்னு அத கவனிச்சுக்கிற டிரஸ்டீஸோட 2025 ரிப்போர்ட் சொல்லுது, உடனே பென்ஷனே நின்னுடும்னு பல பேர் பயந்துடுறாங்க. தீரப்போறது சேர்த்து வச்ச இருப்பு. சம்பளத்துல பிடிக்கிற வரி வந்துக்கிட்டேதான் இருக்கும், அத வச்சு 77 சதவீதம் குடுக்க முடியும்னு அதே ரிப்போர்ட்தான் சொல்லுது. அத மட்டுமே நம்பி வாழுறவங்களுக்கு மீதி 23 சதவீதம் போறது பெரிய அடிதான், ஆனா அது பூஜ்யம் இல்ல. ஸ்கெட்யூல்ட் பெனிஃபிட்னு வந்தா சட்டம் தர்றதா சொன்ன தொகை, பேயபிள் பெனிஃபிட்னு வந்தா வரவுக்குள்ள தர முடியுற தொகை, கிராஃப்ல எந்தக் கோடு எதுன்னு பார்த்துட்டு மேல படிங்க.