காஷ்மீர்ல பயம் இல்ல, தொப்பூர்ல இருந்துச்சு

ஸ்ரீநகரில் கிளம்பி கன்னியாகுமரி வரைக்கும் சைக்கிள் மிதித்துவிட்டு வந்திருக்கிறோம். தேசிய நெடுஞ்சாலை 44, ஏறக்குறைய 3,700 கிலோமீட்டர். ஊர் திரும்பியதில் இருந்து எதிரில் வருகிற எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "காஷ்மீர்ல பயமா இல்லையா?" இல்லை. காஷ்மீரில் கூப்பிட்டு உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். சம்பல் பக்கம் ஜாக்கிரதை என்றார்கள். அங்கே ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி எங்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார். எனக்கு வயிற்றைக் கலக்கியது நம்ம தர்மபுரி மாவட்டத்தில், தொப்பூர் கணவாயில். வீட்டுக்குப் பக்கத்தில்!

வரிசையாக, ஊர் ஊராக, எங்கே தங்கலாம், எவ்வளவு ஆகும் என்றெல்லாம் எழுதுகிறேன் என்று எங்கள் சைக்கிள் குழுவில் வாக்குக் கொடுத்திருந்தேன். முடிந்தவரை பார்க்கிறேன்.

ஆறு பேர். எல்லாரும் கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆட்கள். ரிட்டயர்ட் ஆன கணக்கு வாத்தியார் ஒருத்தர்தான் எங்களுக்குத் தலைவர், கஜானாவும் அவர்தான். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிறவர் ஒருத்தர், கிருஷ்ணகிரி பழையபேட்டை பாய் ஒருத்தர், காலேஜ் முடித்துவிட்டு வேலை தேடுகிற தம்பிகள் இரண்டு பேர், நான். நவம்பர் ஆரம்பத்தில் சேலத்தில் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, கிட்டத்தட்ட மூன்று நாள் உட்கார்ந்தே கத்ரா போய் இறங்கி, அங்கிருந்து ஸ்ரீநகர் போனோம். கிருஷ்ணகிரிக்காரர்கள் சைக்கிளோடு முதலில் சேலம் வரவேண்டியிருந்தது. தனி மாவட்டமாகி 2004இல் இருந்து இத்தனை வருஷம் ஆகிறது, மாவட்டத் தலைநகருக்கு இன்னும் ஒரு ரயில்வே ஸ்டேஷன் இல்லை. இதைச் சொல்லாமல் எந்தக் கிருஷ்ணகிரிக்காரனும் பயணக் கதையை ஆரம்பிக்க மாட்டான், நானும் சொல்லிவிட்டேன்.

வடக்கே ஒரே ஒரு சண்டை. ஜம்முவுக்குப் போகிற வழியில் செனானி நாஷ்ரி சுரங்கப்பாதை இருக்கிறது, 9 கிலோமீட்டருக்கு மேல் நீளம். சைக்கிளை உள்ளே விடவில்லை. பட்னிடாப் வழியாகப் பழைய மலைப்பாதையில் ஏறலாம்தான், ஆனால் அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது. ஒரு பிக்கப் வண்டிக்காரரிடம் பேசி 1,200 ரூபாய் என்று முடிவு செய்து ஏற்றினோம். அந்தப் பக்கம் இறங்கியதும் ஆள் மாறிவிட்டார்: 1,200 மனுஷனுக்கு, சைக்கிளுக்குத் தனியாக ஒன்றுக்கு 300! வாத்தியாருக்கு முகம் சிவந்துவிட்டது. தமிழிலேயே கத்த ஆரம்பித்தார். அப்போதுதான் பாய் முன்னால் வந்தார். பழையபேட்டையில் வீட்டில் பேசுகிற உருதுவை எடுத்து, சத்தம் போடாமல், "பாய்ஜான்" என்று ஆரம்பித்துத் தோளில் கையைப் போட்டு என்னென்னமோ பேசினார். கால் மணி நேரத்தில் 1,400க்கு முடிந்தது. கூடவே அந்த ஆள் ஆளுக்கு இரண்டு ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனார். நம்ம பக்கத்து ஆட்களைப் போல உருது, தெலுங்கு, கன்னடம், தமிழ் நாலும் வாயில் வைத்திருக்கிறவன் ஒருத்தன் கூட இருந்தால் பாதிச் செலவு மிச்சம். இது சும்மா சொல்லவில்லை, ஹைதராபாத்திலும் பாகேபள்ளியிலும் இதேதான் நடந்தது.

பஞ்சாபில் குருத்வாராக்களில் தங்கினோம். படுக்க இடம், வயிறு முட்டச் சாப்பாடு, காசு கேட்கவே மாட்டார்கள். உண்டியலில் நாமாகப் போட்டதுதான். தம்பிகள் இருவரும் அங்கேயே இருந்துவிடலாமா என்று யோசித்தது எனக்குத் தெரியும். ஆக்ராவில் இருந்து ஜான்சி வரை காலையில் பனிமூட்டம், மதியம் தூசி. சிவனிக்கும் நாக்பூருக்கும் நடுவில் பெஞ்ச் காடு வருகிறது. புலியும் மானும் கீழே கடந்து போக ரோட்டை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அதன் மேல் மிதிக்கும்போது கீழே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தோம், ஒரு மானும் இல்லை. நாக்பூரில் ஆரஞ்சு மலிவு. அவ்வளவுதான், மற்றதெல்லாம் ரோடு, ரோடு, ரோடு.

ஒரு எரிச்சலை மட்டும் சொல்லிவிட வேண்டும். ரோட்டு ஓரமெல்லாம் லாரி டயர் வெடித்துச் சிதறிய துண்டுகள். அந்த டயருக்குள் இருக்கிற மெல்லிய இரும்புக் கம்பி, முடி கனம்தான் இருக்கும், சைக்கிள் டயருக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. டியூபை மாற்றுவோம், பத்து கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். டயரின் உள்பக்கம் விரலை வைத்து மெதுவாகத் தடவினால்தான் சுருக்கென்று குத்தும், அதைப் புருவம் எடுக்கிற இடுக்கியால் பிடுங்க வேண்டும். 40 ரூபாய் இடுக்கி. 2,000 ரூபாய்க்கு வாங்கிய ஸ்டைலான டூல் செட் எதற்கும் உதவவில்லை.

பெங்களூர் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, கீழே புகை. அத்திப்பள்ளி தாண்டி, கடைப் பலகைகளில் தமிழ் வந்ததும் முன்னால் போன தம்பி ஹேண்டிலை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினான். வாத்தியார் பின்னாலிருந்து, "கைய வைடா, லாரி வருது!" என்று கத்தினார். ஊர் வந்துவிட்டது.

ஓசூரில் இருந்து ஓசூர்க்காரரின் மச்சான் ஒரு குட்டி யானையோடு, அதாவது டாடா ஏஸ் சரக்கு வண்டியோடு, சேர்ந்துகொண்டார். அதுவரை பெட்டியெல்லாம் எங்கள் கேரியரில்தான், இனிமேல் வண்டியில். டீசல் மட்டும் போட்டால் போதும் என்று பேச்சு. குட்டி யானை வந்த அன்றைக்கே நிஜ யானையும். பேரண்டப்பள்ளி பக்கம் வனத்துறை ஜீப் நின்றுகொண்டு எங்களை ஓரம் கட்டியது. கேழ்வரகு கதிர் முற்றுகிற சீசனில் கர்நாடகக் காட்டில் இருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைக்கூட்டம் வருஷா வருஷம் இந்தப் பக்கம் வரும். நெடுஞ்சாலையைக் கடந்து போகும். அன்றைக்குக் கூட்டம் எந்தப் பக்கம் என்று அவர்களுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அரை மணி நேரம் நின்றோம். காட்டில் பட்டாசுச் சத்தம் கேட்டது, யானை தெரியவில்லை. பெஞ்ச் காட்டில் கட்டியதைப் போல இங்கேயும் கட்டலாமே என்று பாய் கேட்டார். நியாயமான கேள்வி. ஜீப்பில் இருந்தவர் சிரித்ததோடு சரி.

சூளகிரி, மேலுமலை இறக்கத்தில் எல்லாரும் பறந்தார்கள். ஓசூரும் கிருஷ்ணகிரியும் 50 கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் பெரிய இறக்கம். பஸ்ஸில் போகும்போது தெரியவே தெரியாது. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் கார்க்காரர்கள் வரிசையில் நின்று முறைக்க, நாங்கள் ஓரத்தில் காசு கட்டாமல் போனது ஒரு சந்தோஷம். சாயந்திரம் கே.ஆர்.பி. அணை. அணையைப் பார்க்கப் போகிறோம் என்று யாரும் பொய் சொல்லவில்லை, மீனுக்காகத்தான் போனோம். மசாலா தடவி அடுக்கி வைத்திருப்பார்கள், நாம் கைகாட்டுகிற மீனை எடுத்துக் கல்லில் போடுவார்கள். ஜிலேபி மீன், ஓரமெல்லாம் மொறுமொறுவென்று, மேலே வெங்காயம், எலுமிச்சை. வாத்தியார் சைவம். கடலை வாங்கிக்கொண்டு தூரமாய் உட்கார்ந்து, மீன் கணக்கைத் தனி நோட்டில் எழுதினார். அவர் பங்கில் அது வரக்கூடாதாம்.

ஆனால் இந்தப் பயணத்தின் சாப்பாடு அது இல்லை. மறுநாள் காரிமங்கலம் பக்கத்தில் என் பெரியம்மா வீடு. முந்தின நாள் போனில், "ஆறு பேரா? வேற ஒன்னும் செய்ய முடியாதுடா சாமி, களிதான்" என்று சொல்லியிருந்தது. அவரைக்காய்க்கு உச்ச சீசன். முற்றின கொட்டையை ராத்திரியே ஊற வைத்திருந்தது. நாங்கள் போனபோது திண்ணையில் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பிதுக்கிக்கொண்டிருந்தது. ஊறின கொட்டையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு அழுத்து, தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு தட்டில் விழும். தம்பிகள் பிதுக்கினால் பருப்பு கூரைக்குப் போனது. உள்ளே அடுப்பில் உலை கொதித்தது. நொய் வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, பானையைக் காலால் அண்டக்கொடுத்துக்கொண்டு பெரியம்மா துடுப்பைப் போட்டுக் கிளறியதைப் பார்த்து, 3,000 கிலோமீட்டர் மிதித்த கால் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்று தோன்றியது. தண்ணீர் தொட்டு உருட்டி, தட்டில் ஆளுக்கு ஒரு உருண்டை, நடுவில் குழி பண்ணி அதில் பிதுக்கம்பருப்புக் குழம்பு. ஓசூர்க்காரர் மென்று சாப்பிடப் போனார். "மெல்லாதப்பா, தொட்டு முழுங்கு!" என்று அதட்டல். வாத்தியார் இரண்டாவது உருண்டை கேட்டார். சைவக்காரருக்கு மூவாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு நாள் வந்தது. ஒரு பைசா செலவு இல்லை என்று கஜானாவுக்கும் பரம திருப்தி.

இப்போது தொப்பூர். தர்மபுரி தாண்டி சேலம் போகிற வழியில், ஆஞ்சநேயர் கோயிலுக்குப் பிறகு ரோடு வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. வடக்கிலிருந்து சிமெண்டும் இரும்பும் ஏற்றிக்கொண்டு வருகிற லாரி எல்லாம் இந்த வழிதான். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கீழே வரும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காது. முன்னால் போகிறவன் கதை முடிந்தது. 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் லாரிகளும் கார்களும் மோதித் தீப்பிடித்து 4 பேர் செத்ததை இந்தப் பக்கத்தில் வீடியோவில் பார்க்காதவர்கள் கிடையாது. நாங்கள் சின்ன வயதில் இருந்தே சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் அம்மா அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

முந்தின ராத்திரியே சண்டை. தம்பிகளும் ஓசூர்க்காரரும் மிதித்தே ஆகவேண்டும் என்றார்கள். "வண்டில ஏத்திட்டா அப்புறம் எப்படிண்ணா முழுசா ஓட்டினோம்னு சொல்றது?" சுரங்கப்பாதையில் ஏற்றவில்லையா என்று கேட்டேன். அது விடவில்லை, இது நாமாக ஏறுவது, வேற வேற என்று வாதம். பாய் மிதிக்கிற கட்சி. வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். விடிகாலையில் எங்கள் இரண்டு சைக்கிளும் குட்டி யானையில் ஏறின. மற்ற நால்வரும் ஒற்றை வரிசையில் இடது ஓரம், அவர்களுக்குப் பின்னால் நாங்கள் நாலு பக்க இண்டிகேட்டரும் போட்டு மெதுவாக. எங்களைத் தாண்டிப் போன ஒரு டாரஸ் லாரியின் பின்சக்கரத்தில் இருந்து வெள்ளையாகப் புகை. ரப்பரும் இரும்பும் சேர்ந்து கருகுகிற அந்த நாற்றம் கண்ணாடியை ஏற்றியும் உள்ளே வந்தது. முன்னால் போன பாயின் முதுகுக்கும் அந்த லாரிக்கும் ஒரு ஆள் படுக்கிற இடைவெளிகூட இல்லை. வாத்தியார் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே போய்ச் சேர்ந்ததும் நால்வரும் கை நடுங்க டீ குடித்தார்கள். மேம்பாலச் சாலை போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள், போடட்டும். அதுவரைக்கும் என் கருத்து இதுதான்: சைக்கிள்காரர்களே, தொப்பூரில் வண்டியில் ஏற்றுங்கள். உங்கள் கணக்கில் எட்டு கிலோமீட்டர் குறைந்தால் குறையட்டும். குழுவில் இன்னும் என்னை "ஏத்துனவரு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும்.

சேலத்துக்குத் தெற்கே எல்லாம் வேகம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினோம், திருநெல்வேலியில் மழையில் நனைந்தோம், ஆரல்வாய்மொழி காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளியது. கன்னியாகுமரியில் கடலைப் பார்த்ததும் தம்பிகள் ஷூவோடு இறங்கினார்கள். 133 அடி வள்ளுவரைப் பின்னால் வைத்து போட்டோ. ரூம் வாடகை சனிக்கிழமை என்று இரண்டு மடங்கு சொன்னார்கள். ஆறு பேரும் ஒரே ரூமில், தரையில் பாய் விரித்து.

செலவு, ரயில் டிக்கெட் சேர்த்து, தலைக்கு 31,000 ரூபாய் சொச்சம். குருத்வாரா இல்லையென்றால் 40,000 தொட்டிருக்கும். டியூப், பேட்ச் மட்டும் 2,600. வாத்தியார் நோட்டில் ஒரு வரி மட்டும் இன்னும் தகராறில் இருக்கிறது: டீசல் மட்டும் போட்டால் போதும் என்று வந்த குட்டி யானை மச்சான், இப்போது திரும்பி வந்த கூலியும் வேண்டும் என்கிறார். ஓசூர்க்காரர் போனை எடுப்பதில்லை.