கிரேவன்ஹர்ஸ்ட்: டாக்டர் பெத்யூன் பிறந்த வீடு

கனடாவின் டொராண்டோவிலிருந்து வடக்கே சுமார் 180 கி.மீ. 400-ஆம் நெடுஞ்சாலையில் போய், பாரி நகரம் தாண்டியதும் 11-ஐப் பிடிக்க வேண்டும். கோடையில் வெள்ளிக்கிழமை மாலை மட்டும் கிளம்பாதீர்கள். மஸ்கோகா ஏரிக்கரை வீடுகளுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் அந்தச் சாலையில்தான் ஊர்ந்துகொண்டிருக்கும். குளிர்காலத்தில் வீடு மூடியிருக்கும்.

போர்முனைகளில் வேலை செய்த கனடா நாட்டு அறுவை மருத்துவர் நார்மன் பெத்யூன் 1890-இல் இங்கே பிறந்தார். அப்பா பிரஸ்பிட்டீரியன் போதகர். இது சபை கொடுத்த வீடு. அறைகளை அந்தக் காலத்து மேசை நாற்காலியோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் மூன்று வயதுக்குள் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. அதனால் கட்டிலையும் தொட்டிலையும் பார்த்து நேரத்தைச் செலவழிப்பதைவிட, அவருடைய மருத்துவ வேலையைத் தெரிந்துகொண்டு வந்தால் பயணம் உருப்படும்.

1926-இல் அவருக்கே காசநோய் வந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி செலுத்தி, நுரையீரலைச் சுற்றிக் காற்று ஏற்றும் சிகிச்சையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நுரையீரல் சுருங்கி ஓய்வெடுக்கும், உள்ளே விழுந்த பொத்தல் மூடும். ஏற்றிய காற்றை உடம்பு உறிஞ்சிவிடும் என்பதால் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டும். நுரையீரல் நெஞ்சுச்சுவரோடு ஒட்டியிருந்தால் இது பலிக்காது. விலா எலும்புகளையே வெட்டியெடுக்க வேண்டும். அதற்காக, செருப்புத் தைப்பவரின் கருவியைப் பார்த்து அவர் வடிவமைத்த கத்தரி பின்னாளில் உலகெங்கும் அறுவை அரங்குகளுக்குப் போனது. நீண்ட பிடி, குட்டை வாய். கை நோகாமல் எலும்பு நறுக்கும்.

1936 கடைசியில், உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினின் மாட்ரிட். சோடியம் சிட்ரேட் கலந்தால் ரத்தம் உறையாது. தானமாகப் பெற்ற ரத்தத்தை அப்படிக் குளிர்பெட்டியில் வைத்து வண்டியில் போர்முனைக்கே கொண்டுபோனார். முதலில் செய்தவர் இவர்தான் என்பது மிகை. பார்சிலோனாவில் டாக்டர் டுரான் ஜோர்டா சில மாதம் முந்திக்கொண்டார்.

1938-இல், ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்த சீனா. அங்கே குளிர்பெட்டி ஏது? கிராமத்தாரைத் திரட்டி நேரடியாக ரத்தம் எடுத்தார். கருவிகளைக் கோவேறு கழுதை மேல் ஏற்றினார். 1939 ஏப்ரலில் சீஹுய் சண்டையில் 69 மணி நேரத்தில் 115 அறுவைகள். அக்டோபர் கடைசியில், கையுறை இல்லாமல் அறுவை செய்யும்போது விரலில் வெட்டு. பிறகு சீழ்பிடித்த காயமொன்றைத் தொட்டதில் நஞ்சு ரத்தத்தில் ஏறியது. பென்சிலின் அப்போது புழக்கத்தில் இல்லை. நவம்பர் 12 அன்று இறந்தார்.

சமாதி ஷிஜியாஜுவாங் தியாகிகள் கல்லறை வளாகத்தில். பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போகலாம். அதே வளாகத்தில், பெத்யூன் பெயரிலான மருத்துவமனைக்குத் தலைமை ஏற்று 1942-இல் 32 வயதில் இறந்த சோலாப்பூர் டாக்டர் துவாரகாநாத் கோட்னிஸுக்கும் சமாதி இருக்கிறது. அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.