சூப்பர் ஸ்டார் ட்ரெக்: கிளிங்கானைவிடக் காலண்டர்தான் பெரிய எதிரி

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை வைத்து எழுதிய பழைய கணினி விளையாட்டு இது. படம் கிடையாது, பின்னணி இசை கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துகள். மூன்றெழுத்துக் கட்டளை ஒன்றைத் தட்டினால் கணினி நாலு வரி பதில் சொல்லும், அவ்வளவுதான். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் 'ஒரே ஒரு ஆட்டம்' என்று உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை.

முதலில் இதன் பூர்வீகம். 1971ல் மைக் மேஃபீல்டு என்ற பள்ளி மாணவர் கலிஃபோர்னியாவின் இர்வைன் பல்கலைக்கழகத்தில் இருந்த சிக்மா 7 கணினியில் மூல வடிவத்தை எழுதினார். 1974ல் பாப் லீடம் அதை விரித்தெழுதினார். எண்ணாக இருந்த கட்டளைகளை மூன்றெழுத்தாக மாற்றியதும், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்த எதிரிகளை நகரவிட்டதும் அவர் வேலை. 1978ல் வீட்டுக் கணினிக்காரர்களுக்காக அச்சில் வந்த, பேசிக் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலைத்தான் நான் லேப்டாப்பில் ஓட்டுகிறேன். அந்தக் காலத்தில் திரைக்குப் பதிலாக டெலிடைப்பில் ஆடியவர்களும் உண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் தடதடவென்று காகிதம் ஓடியிருக்கும்.

எனக்குத் தேவைப்பட்டது பேசிக் நிரலை ஓட்டித்தரும் ஒரு மொழிபெயர்ப்பி (இன்டர்பிரிட்டர்), ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு, ஒரு பென்சில். நோட்டு எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

விண்வெளி 8க்கு 8 என்று 64 வட்டாரங்கள். அன்டாரஸ், ரைஜல், வேகா என்று நட்சத்திரப் பெயர்களெல்லாம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் மறுபடி 8க்கு 8 கட்டங்கள். நம் கப்பல் எண்டர்பிரைஸ். கையில் 3000 அலகு எரிசக்தி, 10 டார்பிடோ (திசை கொடுத்து ஏவும் குண்டு). கெடு 25லிருந்து 34 நாளுக்குள் ஏதோ ஒன்று, ஆட்டம் தொடங்கும்போது கணினி முடிவு செய்யும். அதற்குள் கிளிங்கான் என்ற எதிரி இனத்தின் கப்பல்கள் எல்லாவற்றையும் ஒழித்தாக வேண்டும்.

ஆரம்பத்தில் இதைத் துப்பாக்கிச் சண்டை மாதிரிதான் ஆடினேன். எதிரி கண்ணில் பட்டால் ஃபேசர் என்ற கதிர்த் துப்பாக்கி, இல்லாவிட்டால் அடுத்த வட்டாரம், அங்கும் இல்லாவிட்டால் அதற்கடுத்தது. சண்டையில் தோற்றது குறைவு. ஆனால் நாள் முடிந்துபோகும், நாலைந்து கிளிங்கான் மிச்சமிருக்கும். அப்புறம்தான் நிரலைத் திறந்து வரிவரியாகப் படிக்க உட்கார்ந்தேன். சில நூறு வரிதான், சுருக்கமாக எழுதியிருப்பதால் கொஞ்சம் கண்ணைக் கட்டும். படிக்கப் படிக்க இது வேறு விளையாட்டாகத் தெரிந்தது.

முதல் விஷயம் பயணச் செலவு. ஒரு வட்டாரம் தாண்டினால் 8 கட்டம், அதோடு நிரந்தரச் செலவு 10, ஆக 18 அலகு. மூன்று வட்டாரம் தாண்டினால் 34. 3000 கையில் இருக்கும்போது இது சில்லறை. நாள் கணக்குதான் வேடிக்கை. வட்டார எல்லையைத் தாண்டினால் ஒரு நாள் கழியும். பக்கத்து வட்டாரத்துக்கு எட்டிப் போனாலும் ஒரு நாள், ஏழு வட்டாரம் தள்ளிக் குதித்தாலும் அதே ஒரு நாள். மூலைவாட்டில் போவதற்கும் தனிக் கட்டணம் கிடையாது. அடி அடியாக நகர்பவனைத்தான் இந்த ஆட்டம் தண்டிக்கிறது.

தொலைதூர ஸ்கேன் நாம் இருக்கும் வட்டாரத்தையும் சுற்றியுள்ள எட்டையும் மூன்றிலக்க எண்களாகக் காட்டும். 207 என்றால் இரண்டு கிளிங்கான், ஸ்டார்பேஸ் (எரிசக்தி நிரப்பிக்கொள்ளும் நம் நிலையம்) இல்லை, ஏழு நட்சத்திரம். 014 என்றால் எதிரி இல்லை, ஒரு ஸ்டார்பேஸ், நாலு நட்சத்திரம். ஒரு ஸ்கேனுக்கு ஒன்பது வட்டாரம் தெரிகிறது. குதிப்பது எவ்வளவு தூரமானாலும் ஒரு நாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி தானே வந்துவிடுகிறது. வரிசை 2, 5, 7. நெடுக்கிலும் 2, 5, 7. இந்த ஒன்பது சந்திப்பில் மட்டும் நின்று ஸ்கேன் எடுத்தால் 64 வட்டாரமும் நோட்டில் ஏறிவிடும். எட்டே குதி, எட்டு நாள். கப்பலின் கணினியும் பார்த்ததையெல்லாம் நினைவில் வைத்திருக்கும், கேட்டால் முழு வரைபடமும் தரும். ஆனால் அடிபட்டு அந்தக் கணினியே படுத்துக்கொள்ளும் நாளும் உண்டு. நோட்டு அதற்குத்தான்.

எதிரிகளை நிரப்பும் வரிகளில் இருக்கும் நிகழ்தகவை வைத்துக் கணக்குப் போட்டேன். சராசரியாக 17 கிளிங்கான் வருகிறது. சுமார் 13 வட்டாரத்தில் பரவியிருக்கும். 13 வட்டாரத்துக்கு 13 நாள், சுற்றிப் பார்க்க எட்டு நாள், ஸ்டார்பேஸுக்குப் போய்வர இரண்டு மூன்று நாள். கூட்டினால் 24 பக்கம் வருகிறது. கெடு 25 என்று வந்தால் மூச்சுவிட நேரமில்லை, 34 என்று வந்தால் சாவகாசமாக ஆடலாம். சுற்றும்போதே போகிற வழியில் இருப்பவர்களை முடித்துக்கொண்டு போனால் இரண்டு மூன்று நாள் மிச்சம் பிடிக்கலாம். இந்தத் திட்டத்தோடு ஆட ஆரம்பித்த பிறகு நாள் போதாமல் தோற்பது அநேகமாக நின்றுவிட்டது.

அடுத்து சண்டை. நகர்வதற்கும், ஷீல்டு என்ற தற்காப்புக் கவசத்துக்கும், ஃபேசருக்கும் ஒரே 3000தான். ஒரே சம்பளத்தில் வாடகையும் மளிகையும் ஸ்கூல் பீஸும் கட்டுகிற கதை. டார்பிடோவுக்கு மட்டும் செலவு வெறும் 2 அலகு, பட்டால் ஒரே அடியில் எதிரி காலி. ஃபேசரின் பலம் தூரத்தால் வகுபடும், பிறகு இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஏதோ ஒரு எண்ணால் பெருகும். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு நேற்றைய ஆட்டத்திலிருந்து ஒரு காட்சி.

நான் 6வது வரிசை, 2வது நெடுக்கு. கிளிங்கான் 4வது வரிசை, 7வது நெடுக்கு. அதாவது மேலே இரண்டு, வலப்பக்கம் ஐந்து. இந்த ஆட்டத்தில் திசை 1 என்றால் வலம், 3 என்றால் மேல், 5 இடம், 7 கீழ். நடுவில் வருவதெல்லாம் பின்னம். சைன், டேன் எதுவும் வேண்டாம்: இரண்டை ஐந்தால் வகுத்தால் 0.4, ஒன்றோடு கூட்டினால் 1.4. டார்பிடோவுக்கு அந்தத் திசையைக் கொடுத்தால் நேராகப் போய் இடிக்கும். கணினியிடமே கேட்டாலும் சொல்லும், ஆனால் மனக்கணக்காகப் போடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. (மேலே ஐந்து, வலம் இரண்டு என்று செங்குத்தாக இருந்தால் மூன்றிலிருந்து 0.4 கழித்து 2.6.)

அப்புறம் பாதையைப் பார்த்தேன். டார்பிடோ 6,3 வழியாக 5,4க்குப் போய், அங்கிருந்து 5,5ஐத் தொட்டு, 4,6 வழியாக 4,7ஐ அடைய வேண்டும். 5,5ல் ஜம்மென்று ஒரு நட்சத்திரம் உட்கார்ந்திருக்கிறது. நட்சத்திரம் டார்பிடோவை விழுங்கிவிடும். சரி, ஃபேசருக்கு நட்சத்திரம் தடையில்லையே என்றால், தூரம் சுமார் 5.4. எதிரியின் பலம் 100லிருந்து 300 வரை எதுவாகவும் இருக்கலாம். நடுவாக 200 என்று வைத்தால் அதை ஒரே அடியில் சாய்க்கச் சராசரியாக 430 அலகு வேண்டும், அதிர்ஷ்டம் கைவிட்டால் 540. 2 அலகில் முடிய வேண்டிய வேலை.

இங்கேதான் நிரலில் நான் கண்ட ரொம்பப் பிடித்த வரி உதவுகிறது. கிளிங்கான் ஒருமுறை சுட்டதும் அவன் பலம் மூன்றுக்கும் நாலுக்கும் இடையே ஒரு எண்ணால் வகுபட்டுவிடும். 200 பலம் உள்ளவன் சுட்ட பிறகு 50, 60தான். அதனால் ஷீல்டில் தாராளமாக ஏற்றிவிட்டு, வார்ப் (எவ்வளவு தூரம் நகர்வது என்பதற்கான எண்) 0.1 கொடுத்து ஒரு கட்டம் மட்டும் நகர்ந்தேன். செலவு 11 அலகும் 0.1 நாளும். நாம் நகர்ந்தால் அவனும் இடம் மாறுவான், சுடுவான். ஷீல்டில் எண்பதோ தொண்ணூறோ போயிற்று. இப்போது அவன் 3 கட்டத் தூரத்தில், அதுவும் குற்றுயிராக. ஃபேசரில் 100 கொடுத்தேன், முடிந்தது.

திரையைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தபோது மகள் எட்டிப் பார்த்து, "என்னப்பா, எக்செல் ஷீட்டைப் பார்த்துச் சிரிக்கிறீங்க?" என்றாள். விளக்க முயன்றேன். எண்ணைக் கேட்டதுமே போய்விட்டாள்.

கிட்டத்தில் நின்றுகொண்டு இந்த வித்தையைச் செய்யக்கூடாது. அவன் அடியும் தூரத்தால்தான் வகுபடுகிறது. பக்கத்துக் கட்டத்தில் 200 பலத்தோடு இருப்பவன் 400லிருந்து 600 வரை இறக்குவான். ஷீல்டு அதைத் தாங்காவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. புது வட்டாரத்தில் நுழைந்ததுமே யாரும் சுடுவதில்லை, நாம் சுட்டாலோ நகர்ந்தாலோதான் பதில் வரும். அதனால் உள்ளே போனதும் ஷீல்டு ஏற்ற நேரம் இருக்கிறது, பதற வேண்டாம்.

ஸ்டார்பேஸ் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்துக் கட்டத்தில் போய் நின்றால் எரிசக்தி 3000க்கும் டார்பிடோ பத்துக்கும் நிரம்பும், ஷீல்டு மட்டும் பூஜ்யமாகிவிடும். ஒட்டி நிற்கும்வரை எதிரி சுட்டாலும் நமக்கு ஒன்றும் ஆகாது. அதே வட்டாரத்தில் கிளிங்கானும் இருந்துவிட்டால் கொண்டாட்டம்தான்: சுடு, குறுந்தூர ஸ்கேன் தட்டு, மறுபடி நிரம்பும், மறுபடி சுடு. ஏமாற்றுவேலை மாதிரி இருந்தாலும் விதியில் இடமிருக்கிறது, நான் விடுவதில்லை. டார்பிடோ தவறிப்போய் ஸ்டார்பேஸிலேயே பட்டால் மட்டும் அது இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

ஜெயித்தால் கணினி ஒரு மதிப்பெண் போடும். கொன்ற எண்ணிக்கையை ஆன நாளால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 1000ஆல் பெருக்கினால் அந்த எண். 17 பேரை 17 நாளில் முடித்தால் 1000. அதே 17 பேருக்கு 25 நாள் எடுத்தால் 462தான். எரிசக்தி எவ்வளவு மிச்சம், எத்தனை அடி வாங்கினாய் என்ற கேள்வியே இல்லை. ஆட்டத்தை எழுதியவர்களும் நாளைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது நிரலில் கைவைக்க ஆரம்பித்திருக்கிறேன். கிளிங்கானைச் சுடச்சுட பலவீனமாக்கும் அந்த வரியை எடுத்துவிட்டு ஆடிப் பார்த்தேன். ஆட்டத்தின் குணமே மாறுகிறது. ஃபேசர் கட்டுப்படியாவதில்லை, எல்லாம் டார்பிடோவில் வந்து நிற்கிறது. பத்து தீர்ந்ததும் ஸ்டார்பேஸைத் தேடி ஓட வேண்டும், அது இரண்டோ மூன்றோதான் இருக்கும், சில சமயம் ஒன்றே ஒன்று. கடினம் கூடியது, ஆனால் சுவை குறைந்தது. எப்போது அடி வாங்குவது என்று யோசிக்கிற வேலையே போய்விட்டது. அந்த வரியைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

அடுத்து மாற்றப்போவது பயண நாள். தாண்டும் வட்டாரத்துக்கு ஒரு நாள் என்று வைத்தால் என் ஒன்பது சந்திப்புச் சுற்று பலிக்காது. சுற்றிப் பார்க்கவே இருபதுக்கு மேல் போய்விடும். கெடுவை 60க்கு உயர்த்தி, எதிரி எண்ணிக்கையை அப்படியே விட்டு ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.