கண் ஊசியும் எரியும் சொட்டும்

சர்க்கரையால் விழித்திரையில் நீர் கோத்தவர்களுக்குக் கண்ணுக்குள் ஊசி போடுவது கோயமுத்தூர், ஈரோடு பக்கம் இன்று சாதாரணமாகிவிட்டது. உள்ளே போகிற மருந்து 0.05 மில்லிதான். கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில் குத்துவார்கள். வலி பெரிதாக இருக்காது. பயம் கிருமிக்குத்தான். சில ஆயிரம் ஊசியில் ஒன்றில் அது உள்ளே போய்விடும். போனால் ஓரிரு நாளிலேயே பார்வை பறிபோகலாம்.

அந்தக் கிருமி பெரும்பாலும் நம்முடைய இமையிலும் இமை மயிரிலும் இருப்பதுதான். அதைக் கொல்லத்தான் 5 சதவீதப் பொவிடோன் அயோடின், அந்தப் பழுப்புச் சொட்டு. விட்டதும் அரை நிமிடமாவது கண்ணில் நிற்க வேண்டும். "எரியுதுங்க, வேண்டாமுங்க" என்று பலர் கையைத் தட்டிவிடுகிறார்கள். எரிச்சல் அலர்ஜி அல்ல, பொறுத்துக்கொள்ளுங்கள். மரத்துப்போக ஜெல் வைக்கிற இடத்தில் இன்னொரு சிக்கல். ஜெல் முதலில் படிந்துவிட்டால் அயோடின் கண்ணின் மேற்பரப்பைத் தொடாது. அதனால் ஜெல்லுக்கு முன்பே அயோடின் விட்டு, இமையைக் கிளிப்பால் விரித்தபின் குத்தும் இடத்தில் மறுபடி விட வேண்டும். ஊசி முனை மயிரில் உரசினால் அந்த ஊசியை மாற்றியாக வேண்டும்.

வாயிலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி இன்னும் மோசமானது, பேசினால் எச்சிலோடு தெறிக்கும். மேசையில் படுத்ததும் டாக்டரிடம் ஊர்க்கதை பேசாமல் கம்முனு இருங்கள். கண்கட்டி, பீளை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஊசியைத் தள்ளிப்போடுவார்கள்.

ஆன்டிபயாடிக் சொட்டு எழுதித் தரவில்லையே என்று குறைப்பட வேண்டாம். அது இந்தத் தொற்றைத் தடுப்பதாகத் தெரியவில்லை. மாதாமாதம் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் இமையில் வளரும்.

வீட்டில் இரண்டு மூன்று நாள் கண்ணைக் கசக்கக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, வாய்க்காலில் இறங்கக் கூடாது. அம்மாயி சொன்னாலும் நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். தறிக்குடோனிலும் மஞ்சள் மண்டியிலும் வேலை பார்ப்பவர்கள் அந்த நாட்களில் லீவு போடுவது நல்லது. இலவம்பஞ்சு மாதிரி பறக்கிற தூசி கையைத் தானாகக் கண்ணுக்கு இழுக்கும்.

அன்று சாயங்காலம் உறுத்தினால் அது அயோடின், மறுநாள் அடங்கிவிடும். வெள்ளை விழியில் ரத்தத் திட்டு இருந்தால் ஓரிரு வாரத்தில் கரையும். ஆனால் இரண்டு முதல் ஐந்து நாளுக்குள் வலி ஏறினாலோ, வெளிச்சம் கூசினாலோ, வலியே இல்லாமல் பார்வை மங்கினாலோ, மெடிக்கலில் சொட்டு வாங்கிப் பார்க்காதீர்கள். கண்ணுக்குள்ளிருந்து மாதிரி எடுத்து, கிருமியைக் கொல்லும் மருந்துகளான வான்கோமைசின் 1 மில்லிகிராமும் செஃப்டாசிடைம் 2.25 மில்லிகிராமும் உள்ளேயே செலுத்த வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமையானாலும் அன்றைக்கே கிளம்புங்கள்.